தொர்ரேமாலாவில் சனி நகரவில்லை

தொர்ரேமாலா அரண்மனை
20 நவம்பர் 1483

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூத்த மகள் வியொலாந்தே எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா போர்க்களத்தில் கம்பளிச் சட்டை போடுகிறாரா? தங்கச்சி கமில்லா இன்னும் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்குகிறாளா?

கல்யாணம் முடிந்து மூன்று வாரமாகிறது. ஆனால் கல்யாணம் இன்னும் ஆகவில்லை. புரியும்படி சொல்கிறேன். ஊர்வலம் நடந்தது. ஆயர் மூன்று மணி நேரம் லத்தீனில் பேசினார். விருந்தில் பதினேழு வகை, அதில் பதினொன்று விலாங்கு மீன். எல்லாம் முடிந்து பள்ளியறை வாசலுக்குப் போனால், அங்கே ஒரு மனிதர் நட்சத்திரம் பார்க்கும் பித்தளைத் தட்டு ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறார். அரண்மனைச் சோதிடர் பல்தாஸாரேயாம்.

"இன்னிக்கு வேண்டாம் அம்மணி. சந்திரன் சனிகிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது. இப்ப ஒண்ணு சேந்தா பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

என் மாமியார் ஃபிலிப்பா சீமாட்டி என் கன்னத்தைத் தட்டினார். "நல்ல காரியத்துல அவசரம் கூடாதும்மா. எங்க வீட்டுல நட்சத்திரம் பாக்காம ஒரு கோழியக்கூட அடைக்கு வெச்சதில்ல" என்றார்.

நானும் அந்தக் கோழியும் ஒன்று! என் கணவர் உபெர்த்தோவுக்கு வயது பத்தொன்பது. ஊருக்கே கோமகன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே "அப்ப நான் போகட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பள்ளியறைச் சாவி அன்றிலிருந்து மாமியாரின் இடுப்பில் தொங்குகிறது.

என்னோடு வந்த ஆறு பெண்களில் பியேராவைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவள் குரல் பெரிதாம். இந்தக் கடிதம் அவள் பாவாடைத் தையலுக்குள் வருகிறது. தூதன் கையில் கொடுத்தால் மாமியாரின் செயலாளர் பிந்தோ அரக்கு முத்திரையைச் சூடுகாட்டிப் பிரித்துப் படித்துவிடுகிறார்.

உங்கள் கையை முத்தமிடும்,
வியொலாந்தே

*

வால்தோரா
4 டிசம்பர் 1483

மகளே,

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கமில்லா கைப்பிடியில்தான் சறுக்குகிறாள். முன்பல் ஒன்று போயிற்று. இந்தக் கடிதத்தை ஆட்டுப் பாலாடைக்கட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். உன் மாமியாருக்கு அந்த வாடையே ஆகாது என்று பியேரா சொன்னாள். அதனால் யாரும் தொடமாட்டார்கள்.

விலாங்கு மீன் பிடிக்கவில்லை என்று அழவா உன்னை அங்கே அனுப்பினேன்? காஸ்த்ரோவெர்தேக்காரர்களோடு மூன்று வருஷமாக மல்லுக்கு நிற்கிறார் உன் அப்பா. கல்யாணம் முடிந்ததும் தொர்ரேமாலா முந்நூறு குதிரைவீரர்களைத் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். வந்திருப்பது நாற்பது பேர். பதினொரு குதிரை நொண்டுகிறது. மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், உன் மாமியார் "கல்யாணம் இன்னும் முழுமையாகவில்லையே" என்று பதில் எழுதுகிறாள்.

நன்றாகக் கேட்டுக்கொள். கணவனும் மனைவியும் சேராத கல்யாணத்தை ஒரு கையெழுத்தில் கலைக்கலாம். அதுதான் திருச்சபைச் சட்டம். கலைந்தால் உன் அப்பா தனியாக நிற்பார். நீ வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டில் எது மோசம் என்று உனக்கே தெரியும்.

விசேஷம் உண்டு என்ற சேதியோடு அடுத்த கடிதம் எழுது.

அம்மா

*

தொர்ரேமாலா
22 டிசம்பர் 1483

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் சுகமா? எனக்கு இருமல் வந்து போய்விட்டது. கட்டியைத் தின்றேன், கடிதத்தையும் கிட்டத்தட்ட தின்றுவிட்டேன்.

விசேஷம் ஒன்றும் இல்லை. எட்டாம் தேதி மாலை நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்திருந்தார் பல்தாஸாரே. மெத்தை தட்டினார்கள், பன்னீர் தெளித்தார்கள். எக்காளக்காரர்கள் கூட வந்து நின்றார்கள், அம்மா. எதற்கு எக்காளம்? மதியம் பார்த்தால் மனிதர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். செவ்வாய் திரும்பிவிட்டதாம். எக்காளக்காரர்கள் ஊதாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

உபெர்த்தோவோடு பேசிப் பார்க்கலாம் என்று விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தெற்கு மதகு கசியுது."

"அப்படியா?"

"ஆமா. பலகை உளுத்துப் போச்சு. ஓக் மரம் போடணும்."

அவ்வளவுதான். விடிந்ததும் சதுப்புக்குப் போகிறார், பொழுது சாய்ந்ததும் சேறும் சகதியுமாக வருகிறார். நான் ஒரு மதகாகப் பிறந்திருந்தால் இந்நேரம் பேரப்பிள்ளை பார்த்திருப்பீர்கள்.

இந்த முறை இரண்டு பெண்களை அனுப்புகிறார்கள். ஒருத்தி அதிகம் சிரிக்கிறாளாம், இன்னொருத்தி சிரிப்பதே இல்லையாம்.

உங்கள்,
வியொலாந்தே

*

வால்தோரா
10 ஜனவரி 1484

முட்டாள் பெண்ணே,

பண்டிகை போயிற்று, நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் நலம் விசாரிக்கப் பொறுமையில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அப்பா மலைக்கோட்டையை விட்டுப் பின்வாங்கினார். டிசம்பர் ஐந்தாம் தேதி பாலத்தை இழந்தார். இங்கிருந்து அங்கே சேதி போக மூன்று நாள். எட்டாம் தேதி செவ்வாய் திரும்பிவிட்டது! செவ்வாய்க்கு அவ்வளவு வேகமான குதிரை யார் கொடுத்தது?

ஃபிலிப்பா உன்னை வீட்டுக்குள் வைத்திருக்கிறாள், மருமகளாக ஆக்கிக்கொள்ளவில்லை. நாம் ஜெயித்தால் நல்ல நேரம் வரும். தோற்றால் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டு ஜெயித்தவன் வீட்டில் பெண் எடுப்பாள். மதில்மேல் பூனை அவள். நான் அவளிடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்வேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் புருஷனைப் பார். மதகைப் பற்றிப் பேசினால் நீயும் மதகைப் பற்றிப் பேசு. உன் அப்பாவோடு நான் இருபது வருஷமாகப் பீரங்கியைப் பற்றிப் பேசுகிறேன்.

கமில்லா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படகு பார்க்க அங்கே வரவேண்டுமாம். பன்னிரண்டு வயதாயிற்று, இன்னும் பொம்மைக்குத் தலைவாருகிறாள்.

அம்மா

*

தொர்ரேமாலா
6 பிப்ரவரி 1484

அம்மா,

நலமே. கோபத்தில் உடம்பு சூடாக இருக்கிறது. இந்த ஊர்க் குளிருக்கு அது நல்லதுதான்.

நீங்கள் எழுதியது சரி. பல்தாஸாரேயைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"ஜோசியரே, பாலம் விழுந்தா செவ்வாய் திரும்புமா?"

மனிதர் வெளுத்துப்போனார். "அம்மணி, மெதுவா பேசுங்க. எனக்கு ஏழு பிள்ளைங்க. நட்சத்திரமா எனக்கு ரொட்டி போடுது? உங்க மாமியார்தான் போடுறாங்க."

"அப்ப நிஜமா எப்ப நல்ல நேரம்?"

"நிஜமாவா?" சுற்றும் முற்றும் பார்த்தார். "அக்டோபர்லயிருந்தே நல்ல நேரம்தாம்மா. இப்படி ஒரு பொருத்தம் நான் பாத்ததே இல்ல. மனசு கேக்கல, ஆனா என்ன செய்ய?"

எனக்கு அந்தப் பித்தளைத் தட்டாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது. உபெர்த்தோவிடம் சொன்னேன். செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் "அம்மா அப்படித்தான்" என்றார். அவ்வளவுதானா? கத்தக்கூடத் தெரியாதா இந்த மனிதருக்கு? நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை என் அறை வாசலில் சேறு படாத ஒரு ஜோடி உயரப் பூட்ஸ் இருந்தது. என் அளவு. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

மீதி மூன்று பெண்களும் இந்தக் கடிதத்தோடு வருகிறார்கள். இனி என்னிடம் நம் ஊர்ப் பேச்சுப் பேச ஒருவரும் இல்லை. இனிமேல் என் கடிதங்கள் தூதன் கையில்தான் வரும், செயலாளர் பிந்தோ படித்த பிறகு. அதற்கேற்றபடி படியுங்கள்.

வியொலாந்தே

*

தொர்ரேமாலா
28 மார்ச் 1484

மேன்மை தங்கிய தாயார் அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். என் அன்பு மாமியார் அவர்களும் சுகம். இக்கடிதத்தை உங்களுக்கு முன்பே பார்வையிடும் செயலாளர் பிந்தோ அவர்களும் சுகமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

அப்பா ஆற்றங்கரையில் ஜெயித்த சேதி வந்தது. மணி அடித்துக் கொண்டாடினோம். மறுநாளே சோதிடர் மே இரண்டாம் தேதியை நல்ல நாளாகக் குறித்துக் கொடுத்தார். மாமியார் என்னிடம் இப்போது மிகவும் பிரியமாக இருக்கிறார்.

தெற்கு மதகைப் பார்க்க என் கணவரோடு போக அனுமதி கிடைத்தது. துணைக்கு வந்த இரண்டு சீமாட்டிகள் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது, பாதை மூழ்கிவிட்டது. மதகுக்காரர் வீட்டில் ஐந்து நாள் தங்கினோம். அவர் மனைவி பார்லிக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். மதகுப் பலகை ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி நீளம். இரும்புப் பட்டைகளுக்கு மாதம் ஒரு முறை பன்றிக் கொழுப்புத் தடவவேண்டும். தண்ணீர் ஏறும்போது இரண்டு பேர் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பவேண்டும், ஒருவரால் முடியாது.

வேறு விசேஷம் இல்லை.

பணிவுடன்,
வியொலாந்தே

*

வால்தோரா
20 ஏப்ரல் 1484

மகளே,

உயிரோடு இருக்கிறாய், சந்தோஷம். நான் நட்சத்திரத்தைக் கேட்டால் நீ பன்றிக் கொழுப்பைப் பற்றி எழுதுகிறாய். ஒரு கடிதத்தில் இவ்வளவு மதகா? பிந்தோ தூங்கிப்போயிருப்பார்.

இனி கவனமாகப் படி. கட்டியின் அடிப்பகுதியில் ஒரு பத்திரம் இருக்கிறது.

ஆற்றங்கரையில் ஜெயித்தோம். ஆனால் இன்னொரு முறை ஜெயிக்க நம்மிடம் ஆள் இல்லை. காஸ்த்ரோவெர்தேயிலும் அதே கதைதான். சமாதானம் பேசிவிட்டோம். அதற்கு அவர்கள் நம் வீட்டுப் பெண் கேட்கிறார்கள், பிரபு கிரிமோல்தோவுக்கு. முப்பத்தெட்டு வயது. இரண்டு மனைவிகளைப் புதைத்தவர். முகம் அப்படியொன்றும் மோசமில்லை என்கிறார்கள்.

உன்னைத்தான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அந்தச் சோதிடனுக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். அவனால்தான் இந்தக் கல்யாணம் இன்னும் கலைக்கக்கூடியதாக இருக்கிறது. முந்நூறு குதிரைவீரர்களை அனுப்பாமல் ஒப்பந்தத்தை மீறியது ஃபிலிப்பா. யாரும் நம்மைக் குறைசொல்ல முடியாது.

"நானும் உபெர்த்தோவும் சேரவில்லை" என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடு. நம் நோட்டரி வந்து வாங்கிக்கொள்வார். மே இரண்டாம் தேதி உனக்குத் தலைவலி வரட்டும், வயிற்றுவலி வரட்டும், என்ன வேண்டுமானாலும் வரட்டும். பள்ளியறைக்குள் போகாதே.

இரண்டு கல்யாணத்துக்கும் நடுவில் ஆறு வாரம் நீ வீட்டில் இருக்கலாம். கமில்லா குதிக்கிறாள்.

அம்மா

*

வால்தோரா
12 மே 1484

பதில் எங்கே?

நோட்டரி உங்கள் ஊர்ச் சத்திரத்தில் பத்து நாளாக உட்கார்ந்து விலாங்கு மீன் தின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். காஸ்த்ரோவெர்தே தூதர் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். என்ன சொல்ல? உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது.

அம்மா

*

தொர்ரேமாலா
30 மே 1484

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்புக்கு ஏதோ இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். இந்தக் கடிதத்தை நோட்டரியே கொண்டுவருகிறார், பிந்தோ தொடவில்லை. பத்திரமும் கூடவே வருகிறது, கையெழுத்து இல்லாமல். நான் பொய்ச் சத்தியம் செய்ய முடியாது.

போன வருஷம் டிசம்பரிலிருந்து விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உண்டு. இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. காலையில் விலாங்கு வாடை வந்தால் ஓடுகிறேன்.

மதகுக்காரர் வீட்டில் ஐந்து நாள் இருந்தோம் என்று எழுதியிருந்தேன். மழை மூன்றாம் நாளே நின்றுவிட்டது. நாங்கள்தான் கிளம்பவில்லை.

அவர் வாயே திறக்காதவர் என்று நினைத்தேன். அந்த வீட்டில், மாமியாரின் சாவிக்கு எட்டாத இடத்தில், பேசினார் பாருங்கள்! தன் எட்டு வயதில் அப்பா போனதிலிருந்து யாரும் தன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை என்றார். நான் கேட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அம்மா. திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. புருஷனைப் பார் என்று நீங்கள் சொன்னீர்கள், பார்த்தேன்.

மே இரண்டாம் தேதி முறைப்படி எக்காளம் ஊதி எங்களை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். சீட்டாடினோம். நான் ஜெயித்தேன்.

நேற்று மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், மே மாதத்தோடு கணக்கு ஒத்துவரவில்லை. பல்தாஸாரேயைக் கூப்பிட்டார்.

"என்ன பல்தாஸாரே, இத உன் நட்சத்திரம் சொல்லலியா?"

"சொல்லிச்சு சீமாட்டி. நீங்க கேக்கல."

அவரை அங்கேயே வேலையைவிட்டு நீக்கிவிட்டார். ஆனால் என்னை என்ன செய்ய முடியும்? வயிற்றில் இருப்பது தொர்ரேமாலாவின் வாரிசு. இனி இந்தக் கல்யாணத்தை யாராலும் கலைக்க முடியாது. மாமியாராலும் முடியாது, உங்களாலும் முடியாது. காஸ்த்ரோவெர்தே பிரபுவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோபப்படுவீர்கள் என்று தெரியும்.

வியொலாந்தே

*

வால்தோரா
14 ஜூன் 1484

மகளே,

பிள்ளை நல்லபடி பிறக்கட்டும். பாரம் தூக்காதே, குதிரை ஏறாதே.

கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. நோட்டரி வந்து சேர்ந்த அன்றே புதிய ஒப்பந்தம் எழுதினோம். அதிகம் மாற்றவேண்டியிருக்கவில்லை. உன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் கமில்லாவின் பெயரை எழுதினார்.

சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு போதும். பிரபு கிரிமோல்தோவுக்கு ஆட்சேபம் இல்லை. திராட்சை அறுவடைக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார், அவருக்கு வாரிசு அவசரமாம். இல்லாவிட்டால் மறுபடி போர். நம்மிடம் ஆள் இல்லை என்று முன்பே எழுதியிருந்தேன்.

அவளிடம் இன்று காலை சொன்னேன். பொம்மையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

அம்மா

*

தொர்ரேமாலா
23 ஜூன் 1484

அம்மா,

இரண்டு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பிள்ளையால் இல்லை.

எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை. பத்திரத்தைத் திருப்பி அனுப்பியபோது நான் ஜெயித்துவிட்டேன் என்று மட்டும்தான் நினைத்தேன். என் இடத்தில் யாரை நிறுத்துவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஏன் முன்பே எழுதவில்லை? எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது.

உபெர்த்தோவிடம் சொல்லி அழுதேன். அப்பாவுக்கு அந்த முந்நூறு குதிரைவீரர்களையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். படை இன்னும் மாமியார் கையில்தான், ஒருவரைக்கூட அசைக்க முடியாது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து "ஜோசியருக்கு வேலை போயிடுச்சு இல்ல?" என்றார். மனிதர் பேசுவதே கொஞ்சம். பேசினால் இப்படிப் பேசுகிறார்.

பல்தாஸாரேயை உங்களிடம் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அவர் கையிலேயே வருகிறது. ஏழு பிள்ளைகளும் வருகிறார்கள். காஸ்த்ரோவெர்தேக்காரர்களும் நட்சத்திரம் பார்க்காமல் காலை எடுத்து வைக்கமாட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டு நடக்காமலும் வைக்க இத்தாலியிலேயே இவரைப்போல ஆள் கிடையாது. அதை அனுபவித்தவள் நான்.

அவருக்குச் சாப்பாடு போடுங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உங்கள் மகள்

*

வால்தோரா
19 ஜூலை 1484

வியொலாந்தே,

உன் வயிறு எப்படி இருக்கிறது? இஞ்சி சேர்த்துக்கொள். எனக்கு முழங்கால் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த மனிதர் வந்து சேர்ந்தார். முதல் நாளே ஒரு ஆட்டுக்குட்டியைத் தனியாகத் தின்றார். பிள்ளைகள் ஏழும் கமில்லாவோடு சேர்ந்து படிக்கட்டில் சறுக்குகின்றன. வீடு வீடாக இல்லை.

நேற்று காஸ்த்ரோவெர்தே தூதர் முன்னால் கமில்லாவின் ஜாதகத்தை விரித்தார். பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பெற்றவள் நானே நம்பிவிட்டேன். பெண்ணைத் திருமணம் செய்துகொள்ளலாம், தடையில்லை என்றார். ஆனால் நேரம் வராமல் சேர்ந்தால் வாரிசுக்கு ஆகாது, பிரபுவின் ஆயுளுக்கும் ஆகாது என்றார். இரண்டு மனைவியும் ஏன் போனார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று வேறு கேட்டார். தூதர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். இன்று காலை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்: பேருக்குக் கல்யாணம் இந்த அறுவடையில், நல்ல நேரம் வரும்வரை பெண் தாய்வீட்டில்.

அதற்கு முன் நான் சோதிடரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு நாள் தள்ளிப் போடுவீங்க?"

"எவ்வளவு வேணும் அம்மணி?"

"ஆறு வருஷம்."

மனிதர் தலையைச் சொறிந்தார். "ஆறா? சனி ஒரு வீட்டுல ரெண்டரை வருஷம்தாம்மா இருக்கும். அதுக்குமேல நகந்துடும்."

"இருக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஆறு வருஷத்தில் கிரிமோல்தோ சாகலாம், அப்பா ஆள் சேர்க்கலாம், கமில்லா தானே பேசக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றுமே நடக்காமலும் போகலாம். தெரியாது.

இரண்டு நாளாக ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். உனக்கு அப்போது பதினாறு வயதுதான். உன்னை அனுப்பும்போது குதிரைவீரர்களை எண்ணினேன், சீர்ப்பெட்டிகளை எண்ணினேன். உனக்காக ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போட யாரிடமும் நான் கேட்கவில்லை, மகளே.

அம்மா